நாற்பது நாள் வைத்த முட்டை

அந்த முட்டையை வைத்தது நான்தான். மறதியில் நடந்ததல்ல. அழுகட்டும் என்று நாற்பது நாள் காத்திருந்து, பொன் நிறம் பூசி, என் சொந்த அக்காவின் உயிர்த்த ஞாயிறு மேசையின் நடுவில் வைத்தேன்.

சிரிப்பு வருகிறதா உங்களுக்கு? வரட்டும். எனக்கும் அப்போது வந்தது...

அக்காவின் வீடு திருகோணமலை உட்துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கிறது. அத்தானுக்குத் துறைமுகத்தில் பெரிய உத்தியோகம். நான் பாலையூற்றில் ஒற்றை அறையில், தையல் மெசினோடு சீவிக்கிறேன். புருஷன் என்னை விட்டுப் போய்ப் பதினொரு வருடம். போனது அவன். பெயர் கெட்டது எனக்கு!

ஒவ்வொரு வருடமும் அந்த விருந்து மேசையின் நடுவை அலங்கரிப்பது நான். கடல் ஒதுக்கிய மரக்கொம்பு ஒன்றைப் பொறுக்கிவந்து வெள்ளை அடிப்பேன். முட்டைகளில் ஊசியால் இரண்டு பக்கமும் துளைபோட்டு, கன்னம் நோக ஊதி, உள்ளே கிடப்பதைக் கோப்பையில் இறக்குவேன். வெறும் கோதுகளைக் கழுவிக் காயவைத்துச் சாயம் ஏற்றுவேன். பீற்றூட்டில் சிவப்பு, மஞ்சள்தூளில் மஞ்சள், வெள்ளைச் சட்டைக்குப் போடுகிற நீலத்தில் நீலம். பழைய மீன்வலை நூலில் அவற்றைக் கொம்பில் தொங்கவிட்டு, கீழே சிப்பியும் போகன்வில்லாப் பூவும் பரப்பினால்... பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள்.

மெழுகுதிரிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய தாரா முட்டை, அதாவது வாத்து முட்டைக் கோது இருக்கும். அதற்குள் வேத வசனம் எழுதிய துண்டு. சாப்பாடு முடிந்ததும் அக்கா அதைக் கரண்டியால் தட்டி உடைத்து வாசிப்பாள். எல்லாரும் கைதட்டுவார்கள். "ஆர் செய்தது?" என்று யாராவது கேட்பார்கள்.

"வேற ஆர்? நான்தான். இவள் நூல் கட்டித் தந்தவள்."

எட்டு வருடம் இதைக் கேட்டேன். பொறுத்தேன். இரண்டு வருடத்துக்கு முன், தவக்காலம் தொடங்க இருந்தபோது அக்கா என் வாசலுக்கு வந்தாள்.

"ஜெனிற்றாவுக்குப் பேசியிருக்கிற பெடியன்ர ஆக்கள் ஈஸ்டருக்குச் சாப்பிட வருகினம். மேசை இந்த முறை நல்ல கலராய், ஸ்டைலாய் இருக்கவேணும். விளங்கிச்சோ?"

"ஓம் அக்கா."

"ஆனா நீ குசினியில அடுப்போட நில்லு. புருஷன் விட்டிட்டுப் போனவள் முன்னுக்கு வந்து நிண்டால் அவையள் என்ன நினைப்பினம்?"

அதற்கும் ஓம் என்றுதான் சொன்னேன். வேறு என்ன சொல்வது? வாய் ஓம் என்றது. வயிறு எரிந்தது!

தவக்காலம் தொடங்குகிற திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பலோடு வீட்டுக்கு வந்தேன். ஒரு தாரா முட்டையை ஊதாமல், துளைக்காமல், தகரக் கூரைக்குக் கீழே வெக்கை அடிக்கிற மூலையில் வைத்தேன். மற்றவர்கள் நாற்பது நாளும் இறைச்சியை விட்டார்கள். நான் நாற்பது நாளும் ஒரு முட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா வழக்கம்போல் தன் கையால் உடைப்பாள், பெரிய இடத்துச் சம்பந்திகளுக்கு முன்னால் நாறுவாள். அவ்வளவுதான் என் கணக்கு.

ஜெனிற்றாவை நினைக்கவில்லையா என்று கேட்கிறீர்கள். நினைத்தேன். அக்காவின் மகள் என்றாலும் சின்னதிலிருந்து என் பக்கத்தில் இருந்து கோது ஊதினவள். அந்தப் பெடியனோடு நாலு மாதமாய்ப் போனில் கதைக்கிறாள் என்பதையும், அவனை மனதுக்குப் பிடித்துவிட்டது என்பதையும் தாய்க்கு முன்னம் எனக்குத்தான் சொன்னாள். ஒரு முட்டைக்காக யார் கலியாணத்தைக் குழப்புவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம்பினேனா? தெரியாது...

அந்த ஞாயிறு மத்தியானம் நான் குசினி வாசலில் நின்றேன். மேசைக்கும் எனக்கும் பத்து அடிதான். பெடியனின் தாய் கிறீம் நிறப் பட்டுச் சேலையில் இருந்தா. சாப்பிட்டபடியே கொம்பைப் பார்த்தா.

"ஐயோ, என்ன வடிவு! ஆர் செய்தது?"

அக்கா தன் பெயரைச் சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"எங்கட ஜெனிற்றாதான். ஒரு மாதமாய் இருந்து தன்ர கையாலேயே செய்தவள்."

என் காதில் தெளிவாக விழுந்தது. பொன் முட்டையை உடைத்து உள்ளே இருக்கிற வசனத்தை வாசிக்கிற வழக்கத்தையும் அக்கா எடுத்துச் சொன்னாள்.

"அப்ப மருமகள்ர முட்டையை நான்தான் உடைக்கவேணும். எடுத்துத் தாங்கோ பிள்ளை!"

ஜெனிற்றா முட்டையை எடுத்தாள். கை அப்படியே நின்றது. வெறும் கோதின் கனம் அவளுக்குத் தெரியும். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

நான் கண்ணை எடுத்துக்கொண்டேன்.

அந்த அம்மா எட்டி வாங்கிக் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டினா. கரும்பச்சையாய் எல்லாம் மடியில் வழிந்தது. சேலையில், சோற்றுக் கோப்பையில், விரிப்பில்... அந்த நாற்றத்தை எழுத என்னால் ஏலாது. பெடியனின் தகப்பன் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ மாமி, என்ர பிழை" என்றாள் ஜெனிற்றா. "ஊதாத முட்டையைப் பார்க்காமல் வைச்சிட்டன்."

அவர்கள் போனதும் அக்கா குசினிக்குள் பாய்ந்து வந்தாள். "நீதானேடி?"

நான் வாய் திறக்குமுன் ஜெனிற்றா குறுக்கே வந்தாள். "இல்லையம்மா. அந்தத் தாரா முட்டையை நான்தான் காலமை பெயின்ற் அடிச்சு வைச்சனான். சித்திக்கு ஒண்டும் தெரியாது."

நானும் ஒன்றும் தெரியாதவள் போல நின்றேன்.

பத்து நாளில் தரகர் வந்தார். உயிர்த்த ஞாயிறு அன்று அழுகலை எடுத்துத் தந்த கை தங்கள் வீட்டுக்கு வேண்டாமாம். பெடியன் ஒரு வார்த்தை பேசவில்லை. போன் நின்றது. அவளுக்கு இன்னும் ஒன்றும் பொருந்தி வரவில்லை.

கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். பொய், கோபம், பூசைக்குப் போகாதது எல்லாம் சொன்னேன். இதைச் சொல்லவில்லை. உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

அக்காவிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லாதீர்கள். கேட்கமாட்டேன்! உடைந்த கணத்தில் அவள் முகம் சிவந்து, வெளுத்து, பிறகு சாம்பலாய்ப் போனதை நான் பார்த்தேன். அதைப் பார்க்கத்தான் நின்றேன். அவள் மகள் பெயரைச் சொன்ன பிறகும் நேரம் இருந்தது. பத்து அடி நடந்து முட்டையைப் பறித்திருக்கலாம். நடக்கவில்லை. அந்த முகம் இன்றைக்கும் நினைவுக்கு வரும்போது உள்ளுக்குள் இனிக்கிறது... என்ன மனுசி நான்?

ஜெனிற்றா வேலை முடிந்து சில நாள் என்னிடம் வருவாள். கதிரையை இழுத்துப்போட்டுத் தேத்தண்ணி குடிப்பாள். போன கிழமை, கோப்பையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"சித்தி, அண்டைக்கு நீங்கள் ஏன் வெளியில வரேல்லை?"

"அடுப்பில மீன் கிடந்தது பிள்ளை."

"ஓம்" என்றாள். மீன் அதற்கு முன்பே மேசைக்குப் போயிருந்தது. பரிமாறினது அவள்தான்.