வாசற்படியில் இருந்த டீசல் கேன்

கட்டிலுக்குக் கீழே இழுப்பறையில், ஒரு பிஸ்கட் டின்னுக்குள் அந்தப் பில்டரை வைத்திருக்கிறேன். எங்கள் வேனின் டீசலை வடித்த சிறிய தகர உருளை. நெடுக அறுத்துத் திறந்திருக்கிறது. உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் கடதாசி தார் பூசியதுபோலக் கறுத்துக் கிடக்கிறது. மகள் இரண்டு தடவை அதை எறியப் பார்த்தாள். நான் விடவில்லை.

எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்குப் போகும். எங்களுக்கு ஒரே மகள். அவளுக்குக் கலியாணம் முடிந்ததும் வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, என் புருஷனும் நானும் வேனுக்குக் குடிபோனோம். புடைவை வியாபாரத்துக்காக அவர் இளவயதில் வாங்கிய டீசல் வேன் அது. பின்னால் கட்டில், கேஸ் அடுப்பு, தொழப் பாய் விரிக்க இடம், எல்லாம் அவர் கையால் செய்தது. ஆலையடிவேம்பு, கோமாரி என்று புடைவை விற்றுக்கொண்டு போவோம். தென்னை நிழலில் நிறுத்திச் சோறாக்குவோம். மகள் வீட்டில் சோற்றுக்கு இருக்கிறாள் என்று என்னை ஒருத்தரும் சொல்லிவிடக் கூடாது. மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனால் அந்த எஞ்சின் இருமினால் எதனால் என்று சொல்வேன்.

டீசலுக்கு ஊரே வரிசையில் நின்ற காலம் வந்தது. ஒலுவில் துறைமுகத்தில் படகு எஞ்சின் திருத்தும் ஒருவர், ஹோட்டல்களில் பொரித்து மிஞ்சிய எண்ணெயை வாங்கி, மருந்து கலந்து தெளியவைத்து, டீசலோடு சேர்த்து ஊற்றக் கொடுத்தார். என் புருஷனை அண்ணன் முறையில் காக்கா என்பார்.

"நாலு பங்கு டீசலுக்கு இது ஒரு பங்கு, காக்கா. கூட்டிராதீங்க. பழைய டாங்கி. அடியில ஒட்டிக் கிடக்கிற கசட்டையெல்லாம் இது கழுவி இழுத்துக்கொண்டு வரும், பில்டர் அடைச்சிரும். றப்பர் குழாயும் இளகும்."

என் புருஷன் குழாய்களை மாற்றினார். பில்டர் இரண்டு வாங்கி இழுப்பறையில் போட்டார். வேன் ஓடியது, புகையில்தான் பொரியல் வாடை. நிந்தவூரில் தேத்தண்ணிக் கடைக்காரர் ஒருவர் எங்களைக் கண்டால் கத்துவார்: "காக்கா, வடை சுடச்சுட இரிக்கா?"

"வடை முடிஞ்சி. புடைவை இரிக்கி, பொஞ்சாதிய அனுப்பு!" என்பார் இவர்.

வேன் மகள் வீட்டு வாசலில் நின்ற ஒருநாள், விடியச் சுபஹு தொழுது முடித்த நேரம் பொத்துவிலிலிருந்து போன் வந்தது. அவருடைய தாத்தா, கூடப்பிறந்த அக்கா, மௌத்து. உம்மா இல்லாத பிள்ளையை இடுப்பில் சுமந்து வளர்த்த தாத்தா. மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். பெண்ணின் மையித்தைக் கப்றுக் குழிக்குள் இறக்குவது அவளுக்கு உரித்தான ஆண்கள்தான். தாத்தாவுக்கு ஆண்பிள்ளை இல்லை.

"நான்தான் இறக்கணும், புள்ள," என்றார். டாங்கியின் அடியில் கொஞ்சம் டீசல்தான் கிடந்தது. பஸ்ஸும் இல்லை.

அப்போது மருமகன் ஒரு கேன் டீசலோடு வந்தார். இரண்டு நாள் வரிசையில் நின்று எடுத்தது. எங்களில் மாமியும் மருமகனும் முகத்துக்கு நேரே நின்று கதைப்பதில்லை. கேனை வாசற்படியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று, "இத ஊத்திட்டுப் போகச் சொல்லு," என்று மகளிடம் சொன்னார்.

நான் முக்காட்டை இழுத்துவிட்டு, அவருக்குக் கேட்கும்படி மகளிடமே சொன்னேன்: "குடுத்த வீட்டு வாசல்ல நாங்க கை நீட்ட மாட்டம். எங்கட வேன் எங்கட எண்ணெயில ஓடும்."

என் புருஷன் கேனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பங்கு பார்க்காமல் பொரித்த எண்ணெயை எடுத்து டாங்கி நிறைய ஊற்றினார்.

அக்கரைப்பற்று தாண்டியதும் வேன் நின்றது. பில்டரை மாற்றினார். திருக்கோவில் தாண்டி மறுபடி நின்றது. இருந்த கடைசிப் பில்டரையும் போட்டார். கோமாரிக்குக் கிட்ட, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரு வாகனமும் இல்லாத ரோட்டில் அதுவும் அடைத்தது. கழற்றி ஊதினார், உதறினார், மறுபடி பூட்டினார். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. போனை எடுத்தார். "எனக்காகத் தாத்தாவ வெச்சிரிக்க வேணாம். இறக்குங்க," என்றார். குரல் உடையவில்லை.

மீன்பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர்தான் பிறகு அவரை ஏற்றிப் போனார். போய்ச் சேரும்போது மண் மூடியாகிவிட்டது. தாத்தாவை இறக்கியது அவளுடைய மருமகனாம்.

மறுநாள் அந்தப் பில்டரை அறுத்து என் முன்னால் வைத்தார். "எண்ணெயில பிழை இல்ல, புள்ள. இது எத்தின வருஷமா நம்மட டாங்கியில கிடந்த ஊத்தை."

கேனைப் பற்றி அன்றும் சொல்லவில்லை, மௌத்தாகும் வரைக்கும் சொல்லவில்லை. ஒரு சொல் ஏசியிருந்தால் நானும் பதிலுக்கு ஏசி, அது அங்கேயே தீர்ந்திருக்கும். அவரைக் கப்றுக்குள் இறக்கியது எங்கள் மருமகன்.

வேன் இப்போது கிணற்றடியில் நிற்கிறது, ஓடுவதில்லை. நான் இன்னும் அதில்தான் படுக்கிறேன். போன கிழமை மருமகன் என் கண்ணுக்கு மருந்து வாங்கிவந்து, வழக்கம்போல வேனின் படியில் வைக்கக் குனிந்தார். "கையில தாங்க, மருமகன்," என்றேன். அவர் திகைத்துப்போய் மகளைத் தேடினார். பிறகு நீட்டினார். வெயிலில் கறுத்த கை. நாளைக்கு என்னை இறக்கப்போகிற கையும் அதுதான்.

மருந்தை வைக்க இழுப்பறையைத் திறந்தேன். டின் மூடியைச் சற்றுத் தூக்கினேன். இத்தனை காலம் போயும் பொரியல் வாடை அப்படியே இருக்கிறது.