பால் இல்லாத டீக்கு ஒரு எண்

காஞ்சிபுரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடைக்காரர் தலையைத் தூக்காமலே கேட்டார்: "பால் டீயா, வரட்டீயா?" அவ்வளவுதான். பஸ்ஸை விட்டேன், வாங்கிய டீயையும் ஆறவிட்டேன். நாட்டு மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று வீடு வீடாகக் கணக்கெடுத்த நாங்கள் இந்த ஒரு கேள்வியை யாரிடமும் கேட்டதில்லை. எங்கள் உணவுப் பட்டியலில் ஒவ்வொரு உணவுக்கும் ஒரு எண், அதை வைத்துத்தான் சத்தைக் கணக்கிடுவோம். அதில் டீ என்றால் ஒரே டீ, பால் போட்டது.

கொதிக்கிற டீத்தூள் வாசனை என்னைப் பிள்ளையார்பாளையத்துக்கு இழுத்துப் போனது. படித்து முடித்த கையோடு கிடைத்த முதல் வேலை. தோள்பையில் சின்னதும் பெரியதுமாக எவர்சில்வர் அளவுக் கிண்ணங்கள். நான் வந்தால் பாத்திரக்காரி வருகிறாள் என்று தெரு நினைக்கும். இட்லிக்கு என்ன எண், கீரைக்கு என்ன எண் என்று பட்டியலைப் பார்க்காமலே சொல்வேன். அந்தக் கர்வத்தை இப்போது நினைத்தால் கூசுகிறது.

கஸ்தூரி அக்கா வீட்டில் கணவர் தறியில் இருந்தார். அக்கா ராட்டையில் பட்டு நூல் சுற்றிக்கொண்டிருந்தார்.

"நேத்து துன்னத இன்னிக்கி எழுதுறியா? நாளைக்கித் துன்னப் போறதயும் எழுதிக்கோ, மறுபடி அலைய வேணாம்பா."

மதியம் சோறும் ரசமும். மற்றபடி டீதான், "அஞ்சு தபா". எந்த டம்ளர் என்று கேட்டேன். எடுத்து வந்து, தண்ணீர் நிரப்பி, என் கிண்ணத்தில் சிந்தாமல் ஊற்றிக் காட்டினார். டீக்கான எண்ணை எழுதினேன். அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார், தறிப் பக்கம் பார்த்தார், நூலுக்குத் திரும்பிவிட்டார். நான் அதற்குள் அடுத்த வீட்டுக்குக் கிளம்பியிருந்தேன்.

கணக்கில் சத்துக் குறைவாக வந்தவர்களை ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவோம். அதில் அக்கா பெயர் வரவில்லை. தெருவில் என்னை நிறுத்தினார்.

"எதிர் வூட்டம்மாவக் கூப்ட்டீங்க, என்ன உட்டுட்டீங்களே. எனக்கும்தான் படி ஏறினா மூச்சு வாங்குது."

"உங்க கணக்குல எல்லாம் போதுமான அளவு இருக்குதுக்கா."

"போதுதாமா? அப்ப சரி," என்று சிரித்தார்.

இப்போது அந்த உணவுப் பட்டியலைத் திருத்துகிறார்கள். திருத்தும் குழுவில் நானும் இருக்கிறேன். டீக்கடையிலிருந்து நேராக அக்கா வீட்டுக்கு நடந்தேன். கதவு பூட்டியிருந்தது. எதிர் வீட்டம்மா வெளியே வந்தார்.

"கஸ்தூரியா? ஆடியில போயிட்டாம்மா. ஒடம்புல ரத்தமே இல்லன்னாங்க."

அக்கா எப்படி டீ குடிப்பார் என்று கேட்டேன். அந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா என்பதுபோலப் பார்த்தார்.

"பால் டீ எங்க குடிச்சா அவ? வாங்குற அர லிட்டரு அவ வூட்டுக்காரருக்கும் புள்ளைக்கும் சரியா இருக்கும். அவளுக்கு வெறும் சாயத் தண்ணிதான்."

ஐந்து டம்ளர் டீக்கான பாலை நான் அவருக்குக் காகிதத்திலேயே கொடுத்திருக்கிறேன். அன்று பரிசோதனைக்கு அனுப்பியிருந்தால் இருந்திருப்பாரா? தெரியவில்லை. யாரிடம் கேட்டும் தெரிந்துகொள்ள முடியாது.

பால் இல்லாத டீக்குத் தனி எண் கேட்டு எழுதிவிட்டேன், கிடைத்துவிடும். ஆனால் முடிந்த கணக்கெடுப்பை இனித் திறக்க மாட்டார்கள். அந்தத் தாளில் கஸ்தூரி அக்கா என்றைக்கும் பால் குடித்தவர்தான்.

நாளை அதே தெருவுக்குப் போகிறேன். ஒவ்வொரு வீட்டு டீயிலும் சோதனைக்கு மாதிரி எடுக்கப் பாட்டில்கள் தயார். என்ன குடித்தீர்கள் என்பதற்கு முன்னால், வாங்கும் பால் யார் யாருக்கு என்று கேட்கப் போகிறேன். பதில் சொல்லுமுன் யாராவது தறிப் பக்கம் பார்த்தால், பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருப்பேன்.