பட்டு மாதிரி

செஞ்சியில் நான் பாலிடெக்னிக் படித்தபோது, ஆண்டு விழா வரவேற்புக் குழுவுக்குச் சீனியர் அக்காக்கள்தான் பெண்களைத் தேர்ந்தெடுப்பார்கள். பட்டுப் புடவை, நீளப் பின்னல், தலை நிறைய மல்லிகை, சிரித்த முகம். இவை விதிகள்.

தேர்வு நாளில் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவள் கஞ்சி போட்ட நூல் புடவையில் வந்திருந்தாள். மெலிந்தவள். கொசுவத்தை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள். குழுவில் எப்படியாவது சேர வேண்டும் என்று ஒரு வாரமாக என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தவள்.

"இன்னாடி, பட்டு எங்க? உங்கம்மா புடவைய எடுத்துனு வரக்கூடாது?" என்றாள் சீனியர் அக்கா.

"எங்க வீட்ல யாரும் கட்டமாட்டோம்க்கா. நாங்க ஜைனருங்க. புழுவ உயிரோட வேகவெச்சுதான நூல் எடுக்கறாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா கொஞ்சம் இறங்கி வந்தாள்.

"சரி, பாலியஸ்டர்லயே பட்டு மாதிரி வருது. அதக் கட்டினு வா. யாருக்குத் தெரியப்போவுது?"

அவள் யோசித்தாள். கண் கலங்கிவிட்டது.

"பாக்கறவங்க பட்டுனுதானக்கா நெனப்பாங்க" என்று சொல்லி, வரிசையிலிருந்து விலகினாள்.

என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். விழாவன்று வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தேன். கூட்டத்தோடு வந்த அவள் என் அரக்குப் பட்டுப் புடவையைப் பார்த்து, "உனக்கு நல்லா இருக்குதுடி" என்றாள். அந்தச் சொல்லில் குத்தல் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. அது அவளால் எப்படி முடிந்தது என்றுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.