புலிகுத்திக்கல்லில் ஒரு நாய்

போன வியாழக்கிழமை காலை. தோசைக்கல் காய்ந்துகொண்டிருக்கிறது, போன் அடிக்கிறது. ‘சரோஜா புலிக்கல்’ என்று காட்டியது.

என் போனில் பாதிப் பேர் இப்படித்தான். ‘கணேசன் தூண்’, ‘பஷீர் பாய் கதவு’... எந்தச் சிற்பத்தைப் போட்டோ எடுக்கப் போய்ப் பழக்கமானார்களோ, அதுவே அவர்களுக்கு இனிஷியல்.

“ஏனுங்க அக்கா, நம்ம நாயப் புலிக்குட்டியாக்கிப் போட்டாங்க” என்றார் சரோஜா.

அடுப்பை அணைத்துவிட்டேன்.

சரோஜா, கருமத்தம்பட்டிப் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவர். அவர் வீட்டுக்கு எதிரே ரோட்டோரத்தில் ஒரு புலிகுத்திக்கல் இருக்கிறது. ஊருக்குள் வந்த புலியோடு மல்லுக்கட்டி உயிரை விட்ட ஒருவனுக்காக, எந்தக் காலத்திலோ நட்ட கல். கொங்குப் பக்கத்தில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். மஞ்சள் பூசி, துண்டு கட்டி, மாலை போட்டு நிற்கும். பஸ்ஸில் போகும்போதே கன்னத்தில் போட்டுக்கொள்வோம். இறங்கிப் பார்த்திருக்கிறோமா?

இரண்டு வருஷம் முன்னால் நான் இறங்கினேன். ஒரு கல்யாணத்துக்குப் போகிற வழி. என் வீட்டுக்காரர் காரை ஓரங்கட்டிவிட்டு, வழக்கம்போல் பெருமூச்சு விட்டார். பொது இடத்தில் ஒரு பெண்மணி கல்லைப் போட்டோ எடுத்தால் நம் ஊரில் முதல் கேள்வி என்ன தெரியுமோ? “ரோடு அகலம் பண்றாங்களாங்க?” சரோஜாவும் அதைத்தான் கேட்டார். இல்லையென்று தெரிந்ததும் காபி வந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. துண்டை அவிழ்த்துக் கல்லுக்குத் தண்ணீர் ஊற்றப்போகிறேன், பழைய மஞ்சளெல்லாம் போனதும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். காத்திருந்தேன். கழுவி முடித்து மறுபடி மஞ்சள் பூசுவதற்குள் ஐந்து நிமிஷம் கிடைத்தது. சாய்ந்த காலை வெயில் கல்லின் மேல் பக்கவாட்டில் விழுந்தது பாருங்கள்... அப்படியே நின்றுவிட்டேன். கொண்டையைப் பக்கவாட்டில் முடிந்த ஒரு மனிதன். அவன் உயரத்துக்கே பின்னங்காலில் எழுந்து நிற்கும் புலி. அவன் கத்தி புலியின் வயிற்றில், புலியின் நகம் அவன் தோளில். முகத்தில் பயமும் இல்லை, வீராப்பும் இல்லை. வேலையில் கவனமாக இருக்கிற ஒருவனின் முகம்! செதுக்கியவர் பெயர் யாருக்கும் தெரியாது. நானோ சாதாரண கட்டுரைக்குக்கூடப் பெயரும் படமும் போட்டுக்கொள்கிறேன்.

வீரனுக்குப் பின்னால், கல்லின் கீழ்மூலையில் ஒரு குட்டி உருவம். அதுதான் நாய் என்றார் சரோஜா. எல்லோரும் ஓடிவிட, கூடவே நின்றது அது ஒன்றுதானாம். அதனால் வருஷத்துக்கு ஒருமுறை கல்லுக்குப் பொங்கல் வைக்கும் அன்று, முதல் இலை தெருநாய்க்கு. அது சாப்பிட்ட பிறகுதான் மனிதர்களுக்குப் பந்தி. அந்த வீதியில் யாரும் நாய் மேல் கல்லெடுத்து எறிவதில்லை. எனக்குச் சிலிர்த்துவிட்டது.

இப்போது என்ன ஆயிற்று? இந்த வருஷப் பொங்கலுக்குக் கல்லைப் புதுப்பிக்கிறோம் என்று கமிட்டி ஒரு பெயிண்டரை அழைத்திருக்கிறது. கமிட்டித் தலைவர் சரோஜாவின் கொழுந்தனார் சண்முகம். பெயிண்டர் பாவம், கட்டடம் அடிக்கிறவர். சுவருக்குப் பட்டி பார்ப்பதுபோல் கல்லுக்கும் பட்டி பார்த்து, மேடு பள்ளமில்லாமல் வழவழவென்று ஆக்கிவிட்டு எனாமல் அடித்திருக்கிறார். மூலையில் நாலு கால் மட்டும் தெரிந்ததாம். புலி இருக்கிற கல்லில் இருந்தால் புலிக்குட்டிதானே? மஞ்சள் அடித்து, கறுப்புக் கோடும் போட்டாயிற்று.

சண்முகத்துக்கு நாய் என்றாலே ஆகாது. கல்லெடுக்க முடியாத வீதியில் வாயாலேயே விரட்டுகிறவர். அது புலிக்குட்டிதான், நாய்க்கு முதல் இலை போடுவதெல்லாம் பொம்பளைகள் கட்டிவிட்ட கதை, இந்த வருஷம் முதல் அந்த இலை கிடையாது என்று சொல்லிவிட்டார். பெயிண்டைச் சுரண்டிப் பார்க்கலாமென்றால், ஆதாரமில்லாமல் சாமி மேல் பிளேடு வைக்க விடமாட்டேன் என்கிறார். பொங்கலோ ஞாயிற்றுக்கிழமை.

“நா கல்யாணமாகி வந்ததுலருந்து அந்த எலைய நாந்தானுங்க போடறேன். உங்ககிட்ட போட்டோ இருக்குதில்லைங்கக்கா?”

இருக்கிறதே! நாற்பத்திரண்டு போட்டோ எடுத்தவளாயிற்றே நான். பெருமையாக கேலரியைத் திறந்தேன். வீரன் முகம், குளோசப். கத்தி, குளோசப். புலியின் வாய், மேலிருந்து, கீழிருந்து... நாய்? ஒன்றில் வால். இன்னொன்றில் ஒரு காது. மற்றதிலெல்லாம் வெட்டியிருந்தேன். கதையைக் கேட்டுச் சிலிர்த்தேன், ஆனால் கேமராவை அதன் பக்கம் திருப்பவே இல்லை. எனக்கே என் மேல் கோபம் வந்தது.

“நாற்பத்திரண்டுல ஒரு நாய் இல்லையா?” என்றார் வீட்டுக்காரர். மறுபடி முதல் படத்திலிருந்து தள்ளிப் பார்த்தேன்.

கடைசியில் ஒன்று சிக்கியது. அழிக்க மறந்த படம். குளோசப்புக்கு முன்னால், சரோஜா தண்ணீர் ஊற்றும்போது தள்ளி நின்று எடுத்தது. பாதி ஃபிரேமை அவர் கையும் செம்பும் அடைத்துக்கொண்டிருந்தன. வீரன் தலையே தெரியவில்லை. ஆனால் செம்பிலிருந்து வழிந்த தண்ணீர் நாயின் மேல் இறங்கி, கோடுகளுக்குள் ஓடிப் பளபளத்தது. பெரிதாக்கினேன். கழுத்தைச் சுற்றி ஒரு பட்டை. பட்டையில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு மணி.

புலிக்குட்டிக்கு யாராவது மணி கட்டுவார்களா?

அதைவிட, இந்த மணியைச் செதுக்கச் சொன்னது யார்? கல் நட்டவர்கள் வீரனைக் கேட்டிருப்பார்கள், புலியைக் கேட்டிருப்பார்கள். மூலையில் இருக்கிற நாயின் கழுத்து மணியை யார் கவனிக்கப்போகிறார்கள்? அந்தச் சிற்பி கவனித்திருக்கிறார். பெயர் தெரியாத அந்த மனிதரை நினைத்துச் சமையலறையில் நின்று கைகூப்பினேன். பொய்யில்லை.

படத்தை அனுப்பினேன். அரை மணியில் சரோஜா கூப்பிட்டார். போனில் எதை வேண்டுமானாலும் மாற்றலாம், இந்தக் காலத்தில் நாய்க்கு மணி கட்டுவது பெரிய வித்தையா என்கிறாராம் கொழுந்தனார். நியாயமான சந்தேகம்தான். ஞாயிறு காலை போனையும், பெரிதாகப் போட்ட ஒரு பிரிண்டையும் எடுத்துக்கொண்டு நேரிலேயே போய்விட்டோம்.

சண்முகம் வெகுநேரம் பார்த்தார். போனை வாங்கி, எடுத்த தேதி பார்த்தார். பிரிண்டில் அண்ணியின் கையைப் பார்த்தார், வளையலைப் பார்த்தார். பிறகு, பொங்கலுக்கு வந்திருந்த பெயிண்டரைத் திரும்பிப் பார்த்து, “கழுத்துகிட்ட மட்டும் பதனமா எடுத்துப்போடுங்க” என்றார்.

பெயிண்டர் தின்னரில் துணியை நனைத்து வைத்து ஊறவிட்டு, பட்டியைப் பொடிப் பொடியாக எடுத்தார். வீதியே சுற்றி நின்றது. முதலில் பட்டை வந்தது, அப்புறம் மணி. சரோஜா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெயிண்டர் தானாகவே முழுக் கல்லையும் சுத்தம் செய்து தருவதாகச் சொன்னார்.

பொங்கல் வைத்தாயிற்று. முதல் இலையைச் சரோஜா எடுக்கக் குனிந்தபோது, “குடுங்கண்ணி, நா போடறேன்” என்று சண்முகமே வாங்கிக்கொண்டார். தறிக் குடோன் நிழலில் படுத்திருந்த செவலை நாயிடம் போய் இலையை வைத்து, “வா கண்ணு” என்றார். அவர் வாயில் அந்த வார்த்தை எப்படி வந்ததோ!

நாய் எழுந்தது, நாலடி பின்வாங்கியது. அவரையும் பார்த்தது, இலையையும் பார்த்தது. சரோஜா வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் வாய் வைத்தது.

போட்டோவெல்லாம் நமக்குத்தான் வேண்டும். நாய்க்கு எல்லாமே ஞாபகமிருக்கிறது.