ஆறாவது பேயின் போர்வை

ஓக்லாந்தின் தெற்கே தகனினியில் இருக்கும் தையற்கூடம் நான் கட்டியெழுப்பியது. மழை ஒழுகும் கராஜ் ஒன்றில் ஒற்றை மெஷினோடு தொடங்கினேன். இன்றைக்கு அங்கே பதினாலு மெஷின் ஓடுகிறது. ஓக்லாந்தில் நீங்கள் சாய்ந்திருந்து சாப்பிட்ட உணவகக் கதிரைகளில் பலவற்றுக்கு உறை போட்டவன் நான். படகுக்காரருக்குக் கூரைச் சீலை தைத்தேன். கோயில் தேர் முதன்முதல் வெளியே வந்தபோது அதைச் சுற்றித் தொங்கிய சிவப்பும் மஞ்சளுமான சீலை என்னுடைய கைவேலை. அதற்காக எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்தப் பொன்னாடையின் ஓரத் தையல் சரியில்லை என்று மேடையிலேயே சொன்னேன். பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவன். சுவரில் மாட்ட ஒரு சேர்ட்டிபிக்கட்டும் இல்லை. என் எழுத்துப்பிழைகளைப் பார்த்துச் சிரித்த வங்கி அதிகாரியின் கதிரைக்கும் பின்னொரு நாள் நான்தான் உறை மாற்றினேன்.

இதெல்லாம் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்கென்றால் இன்னும் நிறைய இருக்கிறது. சொல்ல வந்தது, போன மாதம் நூலகத்தில் மாட்டியிருந்த ஒட்டுப்போர்வையைப் பற்றி.

வேறு நாடுகளிலிருந்து வந்த பெண்களின் கைவேலை என்று ஒரு கண்காட்சி. எங்கள் அம்மாவின் போர்வையைத் தங்கச்சி அதற்குக் கொடுத்திருந்தாள். கீழே ஒரு சின்ன அட்டையில் அம்மாவின் பெயர், ‘தைத்தவர்’ என்ற சொல்லோடு. அவ்வளவுதான். நான் அதற்கு முன்னால் அரை மணித்தியாலம் நின்றேன். வந்தவர்கள் போர்வையைப் பார்த்தார்கள், அட்டையைப் பார்த்தார்கள், விலகச் சொல்லி என்னைப் பார்த்தார்கள். தங்கச்சிக்குப் போன் எடுத்தேன். அவள், “அண்ணா, நீங்கள் எல்லாத்திலயும் உங்கட பேரைப் போடப் பாக்கிறியள்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அந்தப் போர்வை தைத்த காலத்தில் அவளுக்கு நாலு வயது. அவளுக்கு என்ன தெரியும்? ஆகவே எழுதுகிறேன்.

அந்தப் போர்வை முதலில் போர்வையே இல்லை. அது ஒரு பேய் உடுப்பு.

எண்பதுகளின் நடுப்பகுதி. எனக்குப் பதினொரு வயது. ஓக்லாந்தின் மேற்கே கிளென் ஈடனில், ரயில் போகும்போது யன்னல் கண்ணாடி அதிரும் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம்; அம்மா, நான், தங்கச்சி. அப்பா யாழ்ப்பாணத்தில் நின்றுவிட்டார். கடையை ஒழுங்கு பண்ணிவிட்டு வருகிறேன் என்றவர், வரும்போது பாரம் குறையட்டும் என்று தன்னுடைய சேர்ட் இரண்டையும் வேட்டி ஒன்றையும் எங்கள் பெட்டிக்குள்ளேயே வைத்து அனுப்பியிருந்தார். அந்தப் பெட்டி அம்மாவின் கட்டிலுக்குக் கீழே, மூடியபடி கிடந்தது.

அம்மா திரைச்சீலைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தா. தங்கச்சி பகலில் மாமி வீட்டில். பள்ளிக்கூடம் விட்டு மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தால், அம்மா வரும் ஐந்தரை மணி வரைக்கும் நான் தனி. கழுத்தில் நூலில் கோத்த கதவுத் திறப்பு. பாண் இரண்டு துண்டு. சுவர் மணிக்கூடு. இரண்டு வருஷமாக எங்கள் படலையைத் திறந்து என்னைக் கூப்பிட்டவர் ஒருவரும் இல்லை. வகுப்பில் பெடியள் அடிக்கவும் இல்லை, பகிடி பண்ணவும் இல்லை; கதவைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துவிட்டுப் போவார்கள். அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று சிலவேளை நினைப்பேன்.

வீட்டில் பேசக்கூடியது ஒன்றே ஒன்றுதான், அம்மாவின் தையல் மெஷின். தொழிற்சாலையில் கழித்துவிட்ட பழைய மெஷினை அம்மா வீட்டுக்குக் கொண்டுவந்து, சனிக்கிழமைகளில் அதில் கூலிக்கு மேல்வேலை தைப்பா. தொடவேண்டாம் என்று சொல்லியிருந்தா. தொட்டேன். நூல் கோர்க்க ஒருவரும் எனக்குக் காட்டித் தரவில்லை. அம்மா தைப்பதைக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக் கையைப் பழக்கினேன். ஒரு நாள் ஊசி பெருவிரல் நகத்துக்குள்ளால் போனது. அந்த வடு இன்னும் இருக்கிறது. நம்பாதவர்கள் வந்து பார்க்கலாம்.

செப்டெம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா மாமியோடு வந்தார். அம்மாவின் தமையன், எங்களை இங்கே எடுப்பித்தவர். வழக்கமாக வெறுங்கையோடு வருகிறவர் அன்றைக்கு ஒரு பெட்டி அப்பிள் கொண்டுவந்தார். அம்மாவைக் காருக்குள் இருத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு நெடுநேரம் கதைத்தார். மாமி எங்களைக் குசினியை விட்டு வெளியே விடவில்லை. வாடகைப் பிரச்சினை என்று நினைத்தேன். அம்மா உள்ளே வந்து முகம் கழுவி, சாப்பிட்டீர்களா என்று கேட்டா. அடுத்த நாள் வழக்கம்போலப் பொட்டு வைத்துக்கொண்டு வேலைக்குப் போனா. குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு பொட்டு வைக்க அவவுக்கு அந்த நாட்களில் அதிக நேரம் எடுத்தது. எனக்குப் பள்ளிக்கூடத்துக்குப் பிந்துகிறதே என்று கதவில் தட்டுவேன்.

ஒக்டோபர் கடைசியில்தான் அந்த அதிசயம் நடந்தது. பக்கத்து வீட்டுச் செம்பட்டைத் தலைப் பெடியன் எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தான். ஹலோவீன் என்று ஒரு பேய் நாள் வருகிறதாம். அமெரிக்கப் படத்தில் பார்த்தானாம். ஐந்து பேய்கள் சேர்ந்துவிட்டனவாம். வரிசையாகத் தெருவில் போய் வீடுவீடாக லொலி, இனிப்பு கேட்கப் போகிறார்களாம். ஆறாவது பேயாக நான் வருகிறேனா என்று கேட்டான். தலையோடு மூட ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பு வேண்டும், வேறொன்றும் தேவையில்லை என்றான்.

அன்று பின்னேரம் அம்மா செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டேன். பேய் வேஷம், வெள்ளை விரிப்பு, தலையிலிருந்து கால்வரை மூடவேண்டும் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அம்மாவின் கை செருப்பிலேயே நின்றது.

“வெள்ளை வேண்டாம் தம்பி. வேற எந்த நிறமெண்டாலும் கேள், தாறன்.”

எல்லாரும் வெள்ளைதானே என்று அழுதேன். கெஞ்சினேன். எங்கள் அம்மா கெஞ்சினால் இளகுகிற ஆள். அன்றைக்கு இளகவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டா. ஒரு பழைய விரிப்புக்கு இவ்வளவு கஞ்சத்தனமா என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஆனால் நான் ஓய்கிற ஆள் இல்லையே. வீட்டில் திரைச்சீலை மாதிரித் துணிகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. கடைகளுக்குக் காட்டப் புத்தகம்போலக் கட்டி, பிறகு கழித்துவிட்ட சதுரத் துண்டுகள். செம்மஞ்சள் பூ, மண்ணிறக் கோடு, கடும்பச்சை இலை. நாலு பின்னேரம், மூன்று மணியிலிருந்து ஐந்தே கால் வரைக்கும், அவற்றை ஒன்றோடொன்று பொருத்தித் தைத்தேன். வகுப்பிலேயே மெலிந்தவன் நான். பேய் என்றால் கொஞ்சம் உடம்பு வேண்டும் என்று யோசித்து, உள்ளே மெத்தைப் பஞ்சு வைத்து, பின்னால் உட்துணி பிடித்து, மூன்றையும் சேர்த்து ஓட்டினேன். திரைச்சீலைத் துணியும் பஞ்சும் சேர்ந்த தடிப்புக்கு அந்த மெஷின் முனகியது. இரண்டு ஊசி முறிந்தது. நேராகப் போகவேண்டிய தையல் ஆற்றைப்போல வளைந்து போனது. கடைசியில் நடுவில் இரண்டு வட்டம் வெட்டினேன், கண்ணுக்கு. ஓக்லாந்தில் ஹலோவீன் உடுப்புத் தைத்த முதல் தமிழன் நான்தான் என்பது என் எண்ணம். மறுக்கிறவர்கள் ஆதாரத்தோடு வரட்டும்.

இந்த நாட்டில் ஒக்டோபர் வசந்தகாலம். பேய்கள் புறப்படும் நேரத்தில் வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. ஐந்து வெள்ளைப் பேய்கள் எங்கள் படலையில் நின்றன. நான் பஞ்சு மூட்டையாக வெளியே வந்தேன். வியர்வை கண்ணுக்குள் வழிந்தது. ஐந்து விரிப்பும் என் பக்கம் திரும்பின. பிறகு செம்பட்டைத் தலைப் பேய் சொன்னது, நீ பேய் இல்லை, நீ சோபா என்று. மற்ற நாலு பேயும் விழுந்து விழுந்து சிரித்தன. கெட்ட எண்ணத்தோடு சிரித்ததாக நினைக்கவில்லை. அன்றைக்குப் பார்த்தால் அது உண்மைதான். சோபாவிலேயே பிழைக்கப்போகிறேன் என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அவர்கள் நடந்தார்கள். நான் இருபது அடி பின்னால் நடந்தேன். டெய்ரி என்கிற மூலைக்கடை தாண்டியதும் அந்த இருபது நாற்பதானது. ஒரு வீட்டில் நான் போய்ச் சேருவதற்குள் கதவு சாத்தியாயிற்று. இன்னொரு வீட்டில் கதவைத் திறந்த மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பட்டாசு நாள் அடுத்த கிழமைதானே என்றார். அந்த நாளில் பழந்துணியில் பொம்மை செய்து எரிப்பது இங்கே வழக்கம். எரிக்கிற பொம்மை என்று நினைத்துவிட்டார். நான் பேய் என்று சொன்னேன். வெள்ளையாக இல்லையே என்றார். திரும்பிப் பார்த்தபோது தெருவில் ஐந்து பேரையும் காணவில்லை. சிரிப்புச் சத்தம் மட்டும் எங்கேயோ வேலிக்கு அப்பால் கேட்டது. நான் பேய் உடுப்போடேயே வீட்டுக்கு நடந்தேன். கழற்றினால் அழுகிறது தெரிந்துவிடும்.

அம்மா வேலையால் வந்து வாசற்படியில் இருந்தா. உடுப்பின் கீழ் ஓரத்தைப் பிடித்துப் புரட்டி, உட்பக்கத்தைப் பார்த்தா. தொழிற்சாலையில் எல்லாத் துணிக்கும் அப்படித்தான். முகத்தைப் பார்க்கமாட்டா, பின்பக்கத்தைத்தான் பார்ப்பா.

“ஆர் தைச்சது?”

“நான்தான்.”

அடி விழும் என்று நின்றேன். அம்மா ஒரு கண் ஓட்டைக்குள்ளால் விரலை விட்டு என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தா. பிறகு தலைவழியே கழற்றி எடுத்து, ஓட்டை இரண்டையும் அடைத்து இன்னும் கொஞ்சம் சதுரம் சேர்த்தால் நல்ல போர்வையாகும் என்றா. அறைக்குள் போய்க் கட்டிலுக்குக் கீழே இருந்த பெட்டியை இழுத்தா. அப்பாவின் வேட்டியை எடுத்து மடியில் விரித்து, கத்தரிக்கோலால் அதன் நடுவில் வெட்டத் தொடங்கினா.

எனக்கு ஒரு விரிப்புத் தரமாட்டேன் என்ற ஆள் இது.

“அப்பா வந்தால் ஏசுவார்” என்றேன்.

“ஏசமாட்டார்” என்றா அம்மா.

நிமிர்ந்து பார்க்காமல் இரண்டு வட்டத்தையும் வெட்டி முடித்தா. அப்பா நல்ல மனிதர், அதனால்தான் அம்மா அப்படிச் சொல்கிறா என்று எடுத்துக்கொண்டேன். வேட்டியில் ஓட்டை போட்டதற்குச் சாட்சி நான், அவர் விமானத்தால் இறங்கியதும் சொல்லிக்கொடுப்பேன் என்றும் மனதுக்குள் வைத்திருந்தேன். அவர் போய்விட்டார் என்ற செய்தி செப்டெம்பரில் அந்த அப்பிள் பெட்டியோடு வந்ததென்று பள்ளிக்கூட வருஷம் முடிந்த பிறகுதான் எங்களுக்குச் சொன்னார்கள். அன்றைக்குத்தான் அம்மா பொட்டை எடுத்தா.

போர்வையைச் சுற்றிவர அம்மா சேர்த்த சதுரங்கள் கோடு கீறியதுபோல நேராக இருக்கும். ஒரு நூல் கோணினாலும் பிரித்துவிட்டுத் திரும்பத் தைக்கிறவ. நடுவில் நான் தைத்ததை மட்டும் பிரிக்கவில்லை. ஒரு நூலைக்கூடப் பிரிக்கவில்லை.

ஆகவே நூலகத்துக்கும், என் தங்கச்சிக்கும், அட்டை எழுதுகிற எவருக்கும் சொல்லிவைக்கிறேன். அட்டையை மாற்றுங்கள். ஓரமெல்லாம் அம்மா. வெள்ளை வட்டம் இரண்டும் அப்பாவின் வேட்டி. நடுவில் இருக்கும் கோணல் தையல் முழுவதும், அந்த இரண்டு ஓட்டையும் சேர்த்து, என்னுடையது. என் பெயரை அதில் எழுதவேண்டும்.