வலப்பக்கம் மலை

அண்ணாமலையாரை நம்பி இருக்கிற உங்க எல்லாருக்கும் கோமதி சொல்றேன். எனக்கு அறுபத்தேழு வயசு. என் வீட்டுக்காரரை முதியோர் இல்லத்துல சேத்திருக்கேன். இதை வாய்விட்டு சொல்லவே எனக்கு நாலு மாசம் ஆச்சு.

அவருக்கு மறதி நோய். மூணு வருஷமா. உடம்பு மட்டும் கல்லு மாதிரி. அசந்தா கதவைத் திறந்துக்கினு கிளம்பிடுவாரு. குளிக்க மாட்டாரு, துணி மாத்த விடமாட்டாரு. என்னைப் பாத்து "நீ யாரு என் வீட்ல"ன்னு கேப்பாரு. நானும் தினம் சாமிகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன், அவரை பழையபடி ஆக்கிக் குடுன்னு. கேட்டு கேட்டு வாய் ஓஞ்சு போச்சு. ஐப்பசி மாசம் அவரைக் குளிப்பாட்டறப்ப வழுக்கி விழுந்து என் மணிக்கட்டு ஒடைஞ்சுது. கட்டு போட்ட கையோட அவருக்கு சோறு பிசைஞ்சு குடுத்தேன், தட்டைத் தள்ளிவிட்டாரு. அன்னிக்கு எனக்கு அவர் மேல வந்த கோவம் இருக்கே, சொன்னா பாவம். ஓங்கின கையை நானே பிடிச்சுக்கிட்டேன்.

பெங்களூர்ல இருக்கற எங்க பொண்ணுதான் விசாரிச்சு, மலைக்குப் பின்னால அடி அண்ணாமலை பக்கம் ஒரு இல்லத்தைப் பிடிச்சா. கொழுந்தனார் போன் பண்ணி, "அண்ணனைக் கொண்டு போய் தள்ளப் போறியா அண்ணி"ன்னு கேட்டாரு. மூணு வருஷத்துல ஒரு வாட்டி வந்து பாத்தவரு அவரு. போனை வச்சுட்டேன். சண்டை போட தெம்பு இல்ல.

தீபம் முடிஞ்ச வாரம், புதன்கிழமை காலையில கிளம்பினோம். டாக்டர்கிட்ட போறோம்னு பொய் சொல்லித்தான் ஆட்டோவுல ஏத்தினேன். எங்க வீடு ஊருக்கு வடக்கால. கிட்டத்துல போயிடலாம்னு காஞ்சி ரோட்ல வுடச் சொன்னேன். கொஞ்ச தூரம்கூட போகல, "பக்கம் தப்பு, பக்கம் தப்பு"ன்னு கத்த ஆரம்பிச்சாரு. சீட்ல உக்கார எடம் பத்தலையோன்னு நெனச்சு இறங்கி பக்கம் மாறி உக்காந்தேன். இன்னும் ஜாஸ்தியா கத்தினாரு. ஆட்டோ நிக்கறதுக்குள்ள குதிச்சு, ரோட்ல உக்காந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதாரு. போற வர ஜனம் எல்லாம் என்னைத்தான் பாத்துச்சு. திரும்பி வந்துட்டோம்.

வெள்ளிக்கிழமைக்குள்ள வரலைன்னா இல்லத்துல அவருக்குன்னு ஒதுக்கின கட்டில் வேற ஒருத்தருக்குப் போயிடும். மறுநாள் மொட்டைமாடியில துணி காயப் போடறப்ப மலையைப் பாத்து நின்னேன். அண்ணாமலையாரே, அவருக்கு நல்லா ஆகணும்னு இனிமே கேக்க மாட்டேன். அவரு அழாம அந்த வாசப்படி ஏறினா போதும். என்னால முடியல. இவ்ளோதான் சொன்னேன். தேவாரம் பாடல, விளக்கு ஏத்தல. ஈரத்துணி கையிலயே இருந்துச்சு.

கீழே வந்து உக்காந்தேன், போன் அடிச்சுது. இல்லத்து நர்ஸ் நூர்ஜஹான். கீழ்பென்னாத்தூர் பொண்ணு. புதுசா வர்றவங்களைப் பத்தி எல்லாம் கேட்டு எழுதிப்பாங்களாம். காப்பியில சக்கரை எவ்ளோ, எப்படி கூப்பிட்டா திரும்பிப் பாப்பாரு, எதுக்கு பயப்படுவாரு, எல்லாம் கேட்டா. முந்தின நாள் அவரு ரோட்ல உக்காந்து அழுததையும் சொன்னேன். அப்புறம், "நேத்து என்ன சொல்லி அழுதாரும்மா?"ன்னா. சொன்னேன்.

"ஐயா கிரிவலம் போவாராம்மா?"

"நாப்பது வருஷம். பவுர்ணமி தவறினதில்ல."

"நேத்து மலை எந்தப் பக்கம் இருந்துச்சு?"

காஞ்சி ரோட்ல போனா மலை இடது பக்கம். கிரிவலத்துல வலப்பக்கம் மலை இல்லாம அவரு ஒரு அடி எடுத்து வச்சதில்ல. பொண்டாட்டி மொகம் மறந்தவருக்கு அது மறக்கல. பவுர்ணமிக்கு பவுர்ணமி அவர் பின்னாலயே நடந்த எனக்கு அது தோணல. நமாஸ் பண்ற பொண்ணுக்குத் தோணுச்சு. சாமி யார் வாயால பதில் சொல்லும்னு நமக்கு என்ன தெரியும்.

"மலை வலப்பக்கம் வர்ற மாதிரி, சுத்து வழியா செங்கம் ரோட்ல கூட்டிக்கினு வாங்க. எங்க போறோம்னு நெஜத்தையே சொல்லுங்க"ன்னா.

வெள்ளிக்கிழமை அப்படியே செஞ்சோம். "ஏங்க, என்னால ஒண்டியா பாத்துக்க முடியலைங்க. வேற எடத்துல பாத்துப்பாங்க, நானும் வருவேன்"னேன். புரிஞ்சுதோ என்னமோ, தலையாட்டினாரு. ஆசிரமம் தாண்டினதும் கை கூப்பினாரு. வழியில இருக்கற ஒவ்வொரு லிங்கத்துக்கிட்டயும் ஆட்டோ மெதுவா போச்சு. அடி அண்ணாமலையில தானா இறங்கினாரு. நூர்ஜஹான் "வாங்க சார்"னு கூப்பிட்டா. செருப்பை வெளியில விட்டுட்டு உள்ள போயிட்டாரு. என்னைத் திரும்பிப் பாக்கல. அது வலிச்சுது, இல்லேன்னு சொல்ல மாட்டேன்.

முதல் வாரம் தினம் வரச் சொன்னாங்க. அவருக்கு சோறு ஊட்டற வேலை எனக்கு இல்ல, பக்கத்துல சும்மா உக்காந்தா போதும்னாங்க. சும்மா உக்கார்றதே மறந்து போயிருந்துச்சு எனக்கு. இப்ப வாரத்துல மூணு நாள் போறேன். அவருக்கு நோய் கம்மி ஆகல, இனியும் ஆகாது. ஆனா எனக்கு அவர் மேல கோவம் இல்ல. அது போயிடும்னு நான் நெனச்சே பாக்கல.

உங்க வீட்லயும் இப்படி ஒருத்தரை வச்சுக்கினு முழிக்கறீங்களா? ஊர் என்ன சொல்லும்னு பாக்காதீங்க. முடியலைன்னு சாமிகிட்ட சொல்லுங்க, மனுஷங்ககிட்டயும் சொல்லுங்க. என்ன வேணும்னு சரியா கேளுங்க, அண்ணாமலையார் குடுப்பாரு.

போன வாரம் போனப்ப என்னை உத்துப் பாத்தாரு. பேரு ஞாபகம் வரல. நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்கம்மா, ரொம்ப களைச்சுப் போயிருக்கீங்க"ன்னாரு. கல்யாணமான இத்தனை வருஷத்துல அவரு என்னை அப்படிச் சொன்னது அதுதான் மொத வாட்டி. உக்காந்தேன்.