மேப்பில் மோரீஸ் இல்லை

பன்னிரண்டு வயதில் உலகம் எனக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றாறு தெரிந்திருந்தது. நானாகச் சொல்லிக்கொள்ளவில்லை, கம்ப்யூட்டரே சொன்னது. எங்கள் ஊரான நெருப்பெரிச்சலில், எங்கள் வீதி முனையில் ஒரு பிரௌசிங் சென்டர் இருந்தது. செல்போன் என்றால் பேசுவதற்கு மட்டும் என்றிருந்த காலம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே போய் உட்கார்ந்து உலக மேப் ஒன்றைத் திறப்பேன். மேலே ஒரு நாட்டின் பெயர் வரும். அதை மேப்பில் தேடிக் கிளிக் செய்ய வேண்டும். சரியென்றால் பச்சை, மூன்று தடவை தப்பினால் சிவப்பு. எனக்குக் கிடைக்காமல் போன அந்த நாலு மார்க், கடலில் எள் சிந்தியது மாதிரிக் கிடக்கும் தீவுகளுடையது. அவற்றின் இங்கிலீஷ் பெயர்களை வாய்க்கு வந்தபடி படிப்பேன். ஒன்றை ‘மவுரிட்டியஸ்’ என்று படித்தது நன்றாக நினைவிருக்கிறது. எள்ளுக்கெல்லாம் யார் மெனக்கெடுவது என்று விட்டுவிடுவேன்.

என் மேதைமையை வீட்டில் மதித்தவள் அத்தை ஒருத்திதான். அப்பாவின் தங்கை. கல்யாணமாகி எட்டே மாதத்தில் பல்லடத்திலிருந்து ஒரு பையோடு எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தவள். ஏன் வந்தாள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அவளுடைய இடது காது மடல் கிழிந்து தையல் போட்டிருந்தது. கம்மல் கதவில் மாட்டிக்கொண்டது என்றாள், நானும் நம்பினேன். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் தைத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அவளைத் திரும்பக் கொண்டுபோய் விடுவது பற்றிய பேச்சு மட்டும் ஓயவே இல்லை. அந்தப் பேச்சு எழுந்தால் அத்தையும் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கிளம்பும்போது, “நானும் வரட்டுமா கண்ணு? எனக்கு ஒண்ணு பாக்கோணும்” என்றாள். வழியில், “நாம போனத ஊட்ல சொல்லாத, என்ன?” என்றாள். தலையை ஆட்டினேன். தலையாட்டுவதில் எனக்கு எந்தச் சிரமமும் இருந்ததில்லை.

கேபினில் ஒரே நாற்காலியில் இரண்டு பேரும் ஒட்டி உட்கார்ந்தோம். அவள் பார்க்க வந்ததைக் கேட்கக்கூட எனக்குப் பொறுமையில்லை. முதலில் அவளைப் பரீட்சித்துப் பார்க்க வேண்டும். “தினோம் ஜெர்மனி ஆர்டர்தான தைக்கறீங்க? ஜெர்மனி எங்கிருக்குதுன்னு காட்டுங்க பாக்கலாம்” என்றேன். அத்தை மவுஸை இரண்டு கையாலும் பிடித்து நகர்த்தி, இந்தியாவின் தென்கோடியில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

“இங்கதான தூத்துக்குடி? ஜெர்மனி லோடு தூத்துக்குடிக்குத்தான் போகுது கண்ணு.”

எந்த நாட்டு ஆர்டராக இருந்தாலும் அவள் கண்ணெதிரே பெட்டி பெட்டியாக லாரி ஏறித் தூத்துக்குடிக்குத்தான் போனது. அப்புறம் கப்பல் எங்கே போனது என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? நான் பக்கத்துக் கேபின்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன். அத்தையும் கொஞ்சம் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “செரி, மோரீஸ் எங்கிருக்குது?” என்று கேட்டாள்.

சிரித்த சிரிப்பில் எனக்கு மூச்சே நின்றுவிட்டது. “மோரீஸ் வாழப்பழமுங்கத்தை!”

“இல்ல கண்ணு, அப்படியொரு நாடு. கடலுக்குள்ள இருக்குதாமா. நல்லாப் பாரு.”

பார்த்தேன். மொராக்கோ இருந்தது, மொசாம்பிக் இருந்தது. என் ‘மவுரிட்டியஸ்’ எள்ளையும் கண் கடந்துதான் போயிருக்கும். “அப்படியொரு நாடே இல்லைங்க” என்று தீர்ப்புச் சொன்னேன். அத்தை திரையிலிருந்த நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இத்தனை தண்ணியா” என்று மட்டும் சொன்னாள்.

மத்தியானம் கோழிக் குழம்பு. அப்பா சிரித்தபடி சாப்பிட்டால் எனக்குப் பெருமையாக இருக்கும். வயிற்றில் அவ்வளவு நல்ல வேடிக்கையை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருப்பது? தூத்துக்குடியைச் சொன்னேன். அப்பாவுக்குப் புரையேறியது. “இன்னுங் கேளுங்கப்பா. அத்தை வாழப்பழத்தை மேப்புல தேடுனாங்க. மோரீஸ் எங்கன்னு கேட்டாங்க!”

அப்பாவின் கை சோற்றிலேயே நின்றது. அவர் கட்டிங் மாஸ்டர், கம்பெனிகளில் நடப்பது எல்லாம் அவருக்குத் தெரியும். “யாரு வந்து கூப்பிட்டது?” என்று அத்தையைக் கேட்டார்.

“எங்க லைன்ல ரெண்டு பேரு போறாங்ணா. மூணே வருசம். நானும் போயிட்டு வந்தர்றனுங்ணா.”

“பல்லடத்துக்குப் போறதுக்குக் கசக்குது, அங்க போறதுக்கு இனிக்குதா?”

கை கழுவிவிட்டு வந்து அவளுடைய பையை அலமாரியிலிருந்து இறக்கினார். துணிகளுக்கு அடியில் புத்தம்புது பாஸ்போர்ட் இருந்தது. அதை பீரோவில் வைத்துப் பூட்டினார். அத்தை தடுக்கவில்லை, பாத்திரம் கழுவப் போகவும் இல்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். பிரௌசிங் சென்டருக்குப் போனதற்காகத்தான் இத்தனை கோபம் என்று நினைத்தேன்.

அப்பா கெட்டவர் இல்லை. கண் காணாத இடத்தில் தங்கைக்கு என்ன ஆகுமோ என்று உண்மையாகவே பயந்தார். கண்ணுக்கெட்டிய பல்லடத்தில் அவளுக்கு என்ன ஆனது என்பதற்குத்தான் அவருக்குப் பயப்படத் தெரியவில்லை. கல்லூரியில் ஒரு நாள் டீச்சர் ‘மொரீசியஸ்’ என்று சொல்லி அதை இங்கிலீஷில் எழுத்து எழுத்தாகச் சொன்னபோதுதான், என் ‘மவுரிட்டியஸ்’ எள்ளும் அத்தையின் மோரீஸும் ஒன்றே என்று எனக்கு உறைத்தது. அந்தத் தீவுக்கு அப்போது எங்கள் ஊரிலிருந்து தையலுக்கு ஆள் எடுத்திருக்கிறார்கள். கம்பெனிப் பெண்களின் வாயில் அது மோரீஸ் ஆகியிருக்கிறது. அந்த வாழைப்பழத்துக்கே பெயர் அங்கிருந்து வந்ததாம். வகுப்பில் உட்கார்ந்து அழுதேன். அதனால் யாருக்கு என்ன பிரயோசனம்? அத்தை இன்றும் பல்லடத்தில்தான் இருக்கிறாள். இப்போது இரண்டு காதிலும் கம்மல் போடுவதில்லை.

அவளைக் கொண்டுபோய் விட்ட நாளன்று நானும் பஸ் ஸ்டாப் வரை போனேன். வந்தபோது இருந்த அதே பைதான் அவள் கையில். அப்பா பஸ் வருகிறதா என்று பார்க்கத் தள்ளிப் போனார். ஒரு வாரமாக அத்தை என்னோடு சரியாகப் பேசவில்லை. காரணம் எனக்குத் தெரியும் என்றே நினைத்திருந்தேன்.

“தூத்துக்குடின்னதுக்கு நான் சிரிச்சது தப்புங்கத்தை” என்றேன்.

அத்தை என் கன்னத்தைத் தடவினாள். “அதுக்கென்ன கண்ணு. நீ சொன்னதுதான் செரி. அப்படியொரு நாடே இல்லை.”

“ஆமாங்கத்தை, நேத்துக்கூடப் போயி உங்களுக்காக மறுக்காத் தேடிப் பாத்தனுங்க. இல்லவே இல்லைங்க” என்றேன்.

பொய்யில்லை, உண்மையாகவே தேடியிருந்தேன். அவளைத் தேற்றிவிட்ட திருப்தியில் பஸ் திரும்பி மறையும் வரை கையாட்டிக்கொண்டு நின்றேன்.